சுழற்சியால் செயற்கை ஈர்ப்பு: வன்னி மாணவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னிப் பாடசாலைகளின் விஞ்ஞானக் கழகங்களையும் உயர்தரப் பௌதிகவியல் வகுப்புகளையும் மனதில் வைத்து எழுதியது. முதற்பகுதி விண்கலங்களைப் பற்றியது. பின்னால் வருவது மேசையில் வைத்துச் செய்துபார்க்கும் வேலை. பரிசோதனைக்கு மட்டும் வந்தவர்கள் நேரே பயற்றுக் கேள்விக்குப் போகலாம்.

சுற்றினால் எப்படி ஈர்ப்பு வரும்?

ஈர்ப்பு வருவதில்லை. நிறை வருகிறது. ஏ9 வீதியில் பஸ் வளைவொன்றில் வேகமாகத் திரும்பினால் யன்னலோரம் இருப்பவரின் தோள் யன்னலோடு ஒட்டும். அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. அவர் உடம்பு நேரே போகப் பார்க்கிறது, பஸ் திரும்புகிறது, யன்னல் அவரை உள்நோக்கித் தள்ளித் தன்னோடு கொண்டுபோகிறது. அந்த வளைவு முடியாமல் முழு வட்டமாகவே இருந்தால், அந்த யன்னலே அவருக்குத் தரை. பெரிய சில்லு ஒன்றை விண்வெளியில் சுழலவிட்டு, அதன் றிம்மின் உட்புறத்தில் ஆட்களை நிறுத்துவதும் இதுதான். காலுக்குக் கீழே வெளிச்சுவர், தலைக்கு மேலே அச்சு.

நாம் பூமியில் “நிறை” என்று உணர்வதும் பூமி இழுப்பதை அல்ல, தரை எதிர்த்துத் தள்ளுவதைத்தான். ஆகவே தரை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினாலும் எலும்புக்கும் தசைக்கும் அது நிறைதான்.

அப்படியானால் மையநீக்க விசை உண்டா, இல்லையா?

சோதனையில் தரையில் நிற்பவர் பார்வையில் கேட்டால் மையநாட்ட விசை மட்டும் குறியுங்கள். சில்லோடு சேர்ந்து சுழல்பவரின் சட்டத்தில் கணக்குப் பார்த்தால் மையநீக்க விசையையும், நகரும் பொருளைப் பக்கவாட்டில் விலக்குவதாகத் தோன்றும் கொரியோலிஸ் விசையையும் சேர்க்கவேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் கலப்பதில்தான் புள்ளி போகிறது.

விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்பதால்தானே இது தேவை?

இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 89 சதவீதம். நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால் தரை தள்ளுவதில்லை, அவ்வளவுதான். அதன் விளைவு உடம்பில் தெரியும்: இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கிறது, தொடைத் தசை மெலிகிறது, இரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறுகின்றன. வீரர்கள் தினமும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் உடற்பயிற்சிக்கு ஒதுக்கித்தான் இதைச் சமாளிக்கிறார்கள். செவ்வாய்க்குப் போக ஆறேழு மாதம், வரவும் அவ்வளவு என்றால் அந்தச் சமாளிப்புப் போதுமா என்பதே கேள்வி.

எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும்?

ஒரு சூத்திரம் போதும்:

ஜீ = ஆரை × சுற்று × சுற்று ÷ 894

ஆரை மீற்றரில், சுற்று நிமிடத்துக்கு எத்தனை என்று, ஜீ என்பது பூமியீர்ப்பின் மடங்கு. கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் பெருக்கும் பாடப்புத்தகச் சமன்பாடேதான் இது. அலகு மாற்றங்களை 894 என்ற ஒரே எண்ணுக்குள் அடக்கியிருக்கிறோம்.

தேன் எடுக்கும் இயந்திரத்தில் முதலில் போட்டுப்பாருங்கள். தேனடைச் சட்டம் அச்சிலிருந்து 20 செ.மீ., கையால் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் 0.2 × 200 × 200 ÷ 894, கிட்டத்தட்ட 9 ஜீ. ஆகவேதான் தேன் அடையை உடைக்காமல் வெளியே தெறிக்கிறது.

இப்போது மனிதருக்கு 1 ஜீ வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கிப் போங்கள். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் ஆரை 9 மீற்றர் போதும். 6 சுற்றுக்கு 25 மீற்றர். 4 சுற்றுக்கு 56. 2 சுற்றுக்கு 224. ஒரே ஒரு சுற்றுக்கு 894 மீற்றர், அதாவது ஏ9 வீதியில் ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் ஆரை மட்டும். 1975 இல் நாசாவின் கோடைகால ஆய்வொன்றில் வரையப்பட்ட, 10,000 பேர் வாழக்கூடிய ஸ்ரான்போர்ட் வளையத்தின் விட்டம் 1.8 கி.மீ. ஆனது இதனால்தான்: அவர்கள் நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம் என்று முதலில் முடிவெடுத்தார்கள், விட்டம் தானாக வந்தது.

9 மீற்றரில் முடியுமென்றால் ஏன் பெரிதாகக் கட்டவேண்டும்?

இந்தப் பக்கத்தில் நிதானமாக வாசிக்கவேண்டிய இடம் இது. சிறிய சில்லில் மூன்று தொல்லை.

முதலாவது, தலைக்கும் காலுக்கும் நிறை வேறுபடும். ஜீ ஆரைக்கு நேர்விகிதம். 1.7 மீற்றர் உயரமானவர் 9 மீற்றர்ச் சில்லில் நின்றால் காலில் 1 ஜீ இருக்கும்போது தலையில் 0.81 தான். 224 மீற்றரில் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மூன்றில் இதுவே குறைந்த தொல்லை.

இரண்டாவது, பொருட்கள் நேரே விழா. முறிகண்டியில் வாங்கிய கச்சானில் ஒன்றை 1.5 மீற்றர் உயரத்திலிருந்து கைவிடுகிறீர்கள் என்று வைப்போம். கையை விட்டதும் அது தொடலி வழியே நேர்கோட்டில் போகும். அதற்குள் தரை சுழன்று முன்னே போய்விடும். 10 மீற்றர் ஆரைச் சில்லில் கச்சான் காலடியிலிருந்து 65 செ.மீ. பின்னால் விழும். 56 மீற்றரில் 24 செ.மீ., 224 மீற்றரில் 12 செ.மீ. இந்த விலகல் சுற்று வேகத்தில் தங்கியிருப்பதில்லை, ஆரையிலும் உயரத்திலும் மட்டுமே தங்கியிருக்கிறது. பலர் இதை நம்புவதில்லை. கணக்கைச் செய்துபார்த்தால் கோண வேகம் இருபுறமும் வெட்டுப்பட்டுப் போகும்.

ஓடினாலும் இதே கதை. 9 மீற்றர்ச் சில்லின் றிம் செக்கனுக்கு 9.4 மீற்றர் கதியில் போகிறது. சுழற்சிக்கு எதிராக செக்கனுக்கு 5 மீற்றர் ஓடினால் உங்கள் நிறை கால்பங்குக்கும் கீழே இறங்கும், சுழற்சியோடு ஓடினால் ஏறக்குறைய 2.4 மடங்காகும்.

மூன்றாவதுதான் ஆளைப் படுக்கவைப்பது: உட்காது. அங்கே மூன்று தளங்களில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், உள்ளே திரவம். சில்லு ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால் சற்று நேரத்தில் திரவமும் சேர்ந்து ஓடி, சுழல்கிறோம் என்ற உணர்வே போய்விடும். அப்போது தலையைச் சுழற்சி அச்சுக்குக் குறுக்காகத் திருப்பினால், ஒரு கால்வாய் சுழற்சித் தளத்தை விட்டு வெளியே வருகிறது, இன்னொன்று உள்ளே போகிறது. ஒன்று “நின்றுவிட்டேன்” என்றும் மற்றது “தொடங்கிவிட்டேன்” என்றும் மூளைக்குச் சொல்ல, கண் ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. குமட்டலும் வியர்வையும் வாந்தியும் அதன்பின். இது ஆரையைப் பொறுத்ததல்ல, சுற்று வேகத்தைப் பொறுத்தது.

மனிதர் எத்தனை சுற்றுவரை தாங்குவர்?

அமெரிக்காவின் பென்சகோலாவில் 1950களின் இறுதியிலிருந்து ஆஷ்ரன் கிறேபியேல் குழுவினர் மெதுவாகச் சுழலும் அறையொன்றில் ஆட்களை நாட்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 2 சுற்றுவரை பெரும்பாலானோருக்குப் பெரிய தொல்லை இல்லை. 3, 4 இல் சில நாட்களில் பழகிக்கொள்கிறார்கள். 10 இல் எடுத்த எடுப்பில் விட்டால் கடுமையாக நோய்ப்படுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிக்கொண்டுபோய் அங்கேயும் பழக்கமுடிந்தது. பழகியவர் சுழற்சியை நிறுத்தியதும் மறுபக்கமாகக் கொஞ்சநாள் தடுமாறுவார்.

எனவே வடிவமைப்பவர் முதலில் சுற்று வேகத்தைத்தான் நிர்ணயிக்கவேண்டும், பிறகு ஆரை. படங்களில் வரும் குட்டிச் சில்லுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

முழு 1 ஜீ கட்டாயமா?

நிமிடத்துக்கு 4 சுற்று என்று வைத்துச் செவ்வாயின் 0.38 ஜீ போதுமென்றால் ஆரை 56 இலிருந்து 21 மீற்றராகிவிடும், பெரிய இலாபம். 1952 இல் றொக்கற் பொறியியலாளர் வேர்னர் வொன் பிரவுண் முன்வைத்த 76 மீற்றர் விட்டச் சக்கரமும் நிமிடத்துக்கு 3 சுற்றில் இந்த அளவையே தந்திருக்கும். ஆனால் மனிதர் குறை ஈர்ப்பில் நீண்டகாலம் வாழ்ந்ததே இல்லை. சந்திரனில் அதிகம் தங்கியவர்கள்கூட மூன்று நாட்கள்தான். 0.38 எலும்பைக் காக்குமா என்பது அளக்கப்படாத விடயம்.

இதுவரை யாராவது செய்துபார்த்தார்களா?

மனிதர் வாழும் அளவுக்கு, இல்லை. அமெரிக்காவின் ஜெமினி 11 (செப்ரெம்பர் 1966) கலத்தை 30 மீற்றர் நாடாவால் அஜீனா றொக்கற்றோடு கட்டி, அதிலிருந்த வீரர்கள் கொன்றாட்டும் கோர்டனும் சேர்த்துச் சுழற்றினார்கள். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல். கிடைத்தது ஒரு ஜீயில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு, கைவிட்ட பொருள் மெதுவாகச் சுவர்ப்பக்கம் நகரும் அளவு. நாடா முதலில் இறுகாமல், சிறுமிகள் கயிறடிக்கும்போது போல வளைந்து ஆடியதுதான் அதில் கற்ற பாடம்.

1977 இல் சோவியத்தின் கொஸ்மோஸ் 936 செய்மதியில் எலிகளைச் சுழற்றியில் வைத்தனுப்பினார்கள். 1998 இல் நாசாவின் நியூரோலாப் விண்ணோடப் பயணத்தில் வீரர்களே அரை மீற்றர் ஆரைக் கதிரையில் சிறிதுநேரம் சுழன்றார்கள். 2016 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள ஜப்பானின் கிபோ ஆய்வுகூடத்தில் சுண்டெலிகளை 1 ஜீயில் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்க, மிதந்த எலிகளைவிட அவற்றின் எலும்பும் தசையும் நன்றாக இருந்தன. அந்தக் கருவியின் ஆரை 15 செ.மீ., சுற்று 77. சூத்திரத்தில் போட்டால் 1 வரும்.

விண்வெளி நிலையத்துக்கென 2.5 மீற்றர் சுழற்றியோடு ஒரு தனிக்கூடமே ஜப்பானில் கட்டினார்கள். 2005 இல் அது கைவிடப்பட்டது. இப்போது ஜப்பானின் சுகுபா நகரில் வெளியே காட்சிக்கு நிற்கிறது. குறை ஈர்ப்பைப் பற்றிய பல கேள்விகளுக்கு அதற்குள் விடை கிடைத்திருக்கும். பெரிய இழப்பு என்றே சொல்லவேண்டும்.

விண்வெளி நிலையத்தையே சுற்றிவிட்டால் என்ன?

அது நிறையற்ற நிலையில் ஆய்வு செய்யக் கட்டிய இடம், சுற்றினால் அந்தத் தேவையே போய்விடும். அதைவிட, சூரியப் பலகைகளின் நீண்ட கைகள் அந்த இழுவைக்குக் கட்டப்படவில்லை, வரும் கலங்கள் இணையும் வாசல்களும் அச்சில் இல்லை.

சில்லு இல்லாமல் கயிற்றால் செய்யமுடியாதா?

முடியும். மலிவான வழியும் அதுதான். தலா 20 தொன் உள்ள இரண்டு கூடங்களை 112 மீற்றர் கயிற்றால் கட்டி நிமிடத்துக்கு 4 சுற்று விட்டால் இரண்டிலும் 1 ஜீ. கணக்கு இப்படி வரும்: கயிற்றின் இழுவை 196 கிலோநியூற்றன், தரையில் 20 தொன்னைத் தூக்கிப் பிடிக்கும் அதே இழுவை. ஒவ்வொரு கூடத்துக்கும் செக்கனுக்கு 23.4 மீற்றர் கதி கொடுக்கவேண்டும். வெளியேறும் வாயு செக்கனுக்கு 3,000 மீற்றரில் போகும் இரசாயன உந்தி என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 310 கிலோ எரிபொருள், நிறுத்தவும் அவ்வளவு.

பிழைக்கும் இடங்கள் வேறு. சுழலவிட்டபிறகு கயிற்றை இருமடங்காக நீட்டினால் கோண உந்தம் மாறாததால் சுற்று நாலிலொன்றாகும், ஜீ எட்டிலொன்றாகும். நீளத்தை விருப்பப்படி மாற்றிவிட்டு வேகம் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது. நுண்கல்லொன்று கயிற்றை வெட்டினால் இரண்டு கூடங்களும் மணிக்கு 84 கி.மீ. கதியில் எதிரெதிரே பறக்கும். அதனால் ஒற்றைக் கயிறு வேண்டாம், இடையிடையே பின்னிய பல இழை நாடா வேண்டும். வழியைத் திருத்த உந்தியை இயக்குவதும் அன்ரெனாவைப் பூமிப்பக்கம் வைத்திருப்பதும் சுழலும்போது கடினம்.

இன்னொன்று, கலம் எந்த அச்சில் சுழலவேண்டும் என்பது. 1958 இல் எக்ஸ்புளோறர் 1 செய்மதியைப் பென்சில்போல நீள அச்சில் சுழலவிட்டார்கள். அதன் வளையும் அன்ரெனாக்கள் ஆடியாடிச் சக்தியை இழக்க, சில மணிநேரத்துக்குள் அது குறுக்காகப் புரளத் தொடங்கிவிட்டது. சக்தி கசியும் எந்தப் பொருளும் கடைசியில் சடத்துவத் திருப்பம் மிகக்கூடிய அச்சுக்கே வரும். தட்டையான சில்லுக்கு அது நல்லது. நீண்ட குழாயைக் குழாயச்சில் சுழற்றுபவருக்கு அது ஆபத்து. உள்ளே ஆட்கள் ஒருபக்கம் கூடினாலும் சில்லு தள்ளாடும், அதைச் சரிக்கட்டத் தொட்டிக்குத் தொட்டி நீர் மாற்றவேண்டும்.

சில்லு பிய்ந்து போகாதா?

224 மீற்றர் ஆரையில் றிம் மணிக்கு 169 கி.மீ. போகும். உருக்கு வளையம் தன்னைத்தானே தாங்க வரும் தகைப்பு 17 மெகாபஸ்கால். சாதாரண உருக்கு 250 தாங்கும். உள்ளே ஏற்றும் பாரம்தான் கவனிக்கவேண்டியது.

பாடசாலையில் பயறு வைத்துச் செய்யும் பரிசோதனை எப்படி?

1806 இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் தோமஸ் அன்ட்ரூ நைற் தன் தோட்டத்து ஓடையில் நீர்ச்சில்லு ஒன்றைச் சுழலவிட்டு அதில் விதைகளைக் கட்டினார். நிலைக்குத்துச் சில்லு, நிமிடத்துக்கு 150 சுற்று, ஏறக்குறைய 3.5 ஜீ. வேர்கள் எல்லாம் வெளியே, தண்டுகள் எல்லாம் மையத்துக்கு. அதையே கிடையாகச் செய்தால் பூமியின் இழுப்பும் சேர்ந்து வேர் சரிந்து வளரும், சரிவை அளந்து கணக்கோடு ஒப்பிடலாம்.

எல்லாரும் முதலில் நினைப்பது சைக்கிள் சில்லு. அதை நாட்கணக்கில் ஓட்ட மோட்டர் பொருத்துவது தலையிடி. பழைய வாகனத்தின் வைப்பர் மோட்டரும் ஒரு பலகைத் தட்டும் இலகு.

12 மி.மீ. பிளைவூட்டில் 60 செ.மீ. விட்டத் தட்டு வெட்டுங்கள், சுமார் 2 கிலோ வரும். வைப்பர் மோட்டரின் தண்டில் ஏற்கனவே உள்ள குட்டைக் கையில் துளைபோட்டு, தட்டின் நடுவில் மூன்று போல்ற்றால் இறுக்குங்கள். மோட்டரைத் தண்டு மேலே பார்க்கப் பாரமான மேசையில் பூட்டுங்கள். 12 வோல்ற், 5 அம்பியர் தரும் வழங்கி போதும். ஓடும்போது 2 முதல் 3 அம்பியர் எடுக்கும். நாளுக்கு மின்மானியில் முக்கால் யூனிற் அளவில். வைப்பருக்கு இரண்டு வேகம் உண்டு, பெரும்பாலும் 45 உம் 65 உம். விளிம்பில் சோக்குக் குறிபோட்டு ஒரு நிமிடம் எண்ணி உண்மை வேகத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

பயற்றை இரவு எட்டு மணிநேரம் ஊறவைத்து, முளை 2, 3 மி.மீ. எட்டிப்பார்க்கும்போது எடுங்கள். மூடியுள்ள தெளிந்த சிறிய டப்பாக்களில் ஐந்தைந்தாக வைத்து, அச்சிலிருந்து 28 செ.மீ. இல் எதிரெதிரே இரண்டு, 14 செ.மீ. இல் இரண்டு, நடுவில் ஒன்று. எதிரெதிர் டப்பாக்களைக் கடைத் தராசில் நிறுத்துச் சமப்படுத்திக் கேபிள் ரையால் கட்டுங்கள். சுழலாத ஒரு டப்பா பக்கத்து மேசையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் கறுப்புத் துணிக்கூட்டால் மூடுங்கள். இரண்டு நாள் ஓடவிடுங்கள்.

65 சுற்றில் 28 செ.மீ. டப்பாவில் 1.32 ஜீ கிடைக்கும், வேர் நிலைக்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை வெளியே சரியும். 14 செ.மீ. இல் 0.66 ஜீ, 33 பாகை. சரிவின் தான்சன் பெறுமானமே ஜீ எண். தூக்குநூல் ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் படமெடுத்து அளக்கலாம்.

வேர் கறுத்து அழுகிவிட்டது, என்ன பிழை?

தண்ணீர் கூடிவிட்டது. சுழலும் டப்பாவில் நீர்மட்டமும் சரியும், வெளிமூலையில் தேங்கும், வேர் நேரே அதற்குள் போய் மூச்சுமுட்டும். ரிஸ்யூவை நனைத்துப் பிழிந்து வையுங்கள். அதைவிட நல்லது கடற்பாசி: 100 மி.லீ. நீருக்கு 1 கிராம் காய்ச்சி ஊற்றி இறுகவிட்டால் நீர் ஓடாது.

தண்டுகள் மட்டும் ஒரே பக்கம் வளைந்தால் துணிக்கூட்டில் வெளிச்சம் கசிகிறது. நடு டப்பா மட்டும் வேகமாக முளைத்தால் மோட்டர்ச் சூடு. மோட்டருக்கும் தட்டுக்கும் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். வேரில் முழங்கால்போல மடிப்பு இருந்தால் இரவில் கரண்ட் போயிருக்கிறது. பத்து நிமிட நிறுத்தம் பெரிதாகத் தெரியாது, ஒரு மணிநேரம் தெரியும். 12 வோல்ற் பற்றரியை இடையில் போட்டுவையுங்கள். சோலரில் மட்டும் ஓட்டுவதானால் 100 வாற் பலகை ஒன்று போதாது, நாளுக்கு 720 வாற்-மணி தேவை.

வாளித் தண்ணீரை எவ்வளவு மெதுவாகச் சுற்றலாம்?

தோளிலிருந்து நீர்மட்டம்வரை 1 மீற்றர் என்றால் உச்சியில் 1 ஜீ வேண்டும். ஒரு சுற்று 2 செக்கனுக்குள் முடியவேண்டும். நனைவது பெரும்பாலும் நிறுத்தும்போதுதான், உச்சிக்குப் போகும் வழியில் கை தயங்குவதால்.

போனால் அளக்கமுடியுமா?

ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் மையநாட்ட ஆர்முடுகலுக்கென்றே ஒரு பரிசோதனை உண்டு. போனைத் தட்டில் கட்டி, வெவ்வேறு வேகங்களில் ஓட்டினால் ஆர்முடுகலைக் கோண வேகத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்துதரும். கோட்டின் சாய்வு ஆரை. நீங்கள் அடிமட்டத்தால் அளந்த ஆரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. விலகினால் பயப்படவேண்டாம்: உணரி போனின் நடுவில் இருப்பதில்லை. அந்த விலகலை வைத்தே உணரி போனுக்குள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். போனின் நிறைக்கு எதிர்ப்பக்கம் சமநிறை கட்ட மறக்காதீர்கள்.

விண்கலத்தில் மோட்டர் நின்றுவிட்டால் ஆட்கள் மிதப்பார்களா?

அங்கே மோட்டர் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஒருமுறை சுழலவிட்டால் உராய்வு இல்லாததால் சுழன்றுகொண்டே இருக்கும். நிறுத்தத்தான் எரிபொருள் செலவழிக்கவேண்டும். கலத்தின் ஒரு பகுதி மட்டும் சுழன்று மற்றது நின்றால் நிலைமை வேறு: இடையிலுள்ள பெயரிங்கும் காற்று கசியாத மூட்டும் தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் முழுக்கலத்தையும் சேர்த்துச் சுழற்றுவதையே பொறியியலாளர் விரும்புகிறார்கள்.